அவளுக்கு எல்லாமே பிடிக்கும்

அப்பு,

நேற்று நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது. உன் அம்மாவுக்கு வருஷத் திதி கும்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் சித்தி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள்ளிருந்து நீ கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "என்னப்பா அது, எலையில பானிபூரி மாதிரி இருக்கு?" என்றாய். "மாதிரி என்ன, பானிபூரிதான். அப்பறம் சொல்றேன்" என்றேன். அதற்குள் சூடம் ஏற்றிவிட்டார்கள், மணி அடித்தார்கள், உன் லைனும் போய்விட்டது. கப்பலுக்குச் சரக்கு அனுப்புகிற வாரம், லீவு கிடைக்காது என்று நீ முன்னாலேயே சொல்லியிருந்தாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இதைப் போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று ஒரு கண்ணைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு கேட்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான், அதைச் சொல்வதற்கு இத்தனை தாள் ஆகிறது. யார் கையில் கிடைத்து யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. நம் தெருவில் கல்யாணத்துக்கு நிற்கிற ஆம்பிளைப் பையன்கள் எல்லோரும் படித்தால்கூட நல்லதுதான்.

அம்மா போன நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்குச் சொன்னதில் ஒன்றை மறைத்திருக்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. கோழிக்குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டேன், ரெண்டாம் தடவையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். "தலை ஒரு மாதிரி கிறுகிறுங்குது, கொஞ்சம் படுத்துட்டு வந்து சாப்புடுறேன்" என்று சொல்லி உள்ளே போனாள். நான் பேப்பரை விரித்தேன். நாலு மணிக்கு டீ வரவில்லை. நாலரைக்கும் வரவில்லை. என்னடா இது என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். உனக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொன்னபோது, "சாப்பிடக் கூப்பிடலாம்னு போனேன்" என்றேன். பொய். அவளைச் சாப்பிடக் கூப்பிடப் போகவில்லை. டீ வரவில்லை என்றுதான் போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உயிர் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபிறகு, ஒரு சொம்புத் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். மேடையில் அவளுக்கென்று மூடி வைத்திருந்த தட்டு இருந்தது. திறந்து பார்த்தால் முந்தின நாள் சோறு. குழம்புச் சட்டியில் வழித்தாலும் ஒரு கரண்டி தேறாது. நான்தான் ரெண்டாம் தடவை வாங்கியிருந்தேனே. தட்டை மறுபடி மூடிவிட்டு வந்து கூட்டத்தோடு உட்கார்ந்தேன்.

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. நீ வந்து என் மடியில் விழுந்து அழுதபோதும் வரவில்லை. "மனுசன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு" என்று பேசிக்கொண்டார்கள், என் காதிலும் விழுந்தது. கல்லுமாதிரி இருக்க வேண்டும் என்று நான் ஒன்றும் முடிவெடுக்கவில்லை. உள்ளே தேடினால் ஒன்றும் அகப்படவில்லை, அவ்வளவுதான். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் வேறு யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. நாக்கும் சேர்ந்து மரத்துப்போனது. பதினாறாம் நாள் படையலுக்கு, "அந்தப் பிள்ளைக்கு என்னப்பா பிடிக்கும்? எலையில வைக்கணும்ல?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அவளுக்கு எல்லாமே பிடிக்கும்" என்றேன். சரி என்று மட்டன் சுக்கா, நாட்டுக்கோழி, பிரியாணி, ஜாங்கிரி எல்லாம் வந்தன. இலையைப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. என்ன என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும். அதில் இருந்தது அத்தனையும் எனக்குப் பிடித்தது. ஈர வேட்டியோடு பக்கத்தில் நின்ற நீயும் அந்த இலையைத்தான் கும்பிட்டாய்.

ஒன்றைச் சொல்கிறேன், சாக்குப்போக்கு என்று நினைத்தாலும் பரவாயில்லை. முப்பத்தாறு வருஷம் நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தேன். ஊறப்போட்ட தோலின் நாற்றம் சட்டையில் ஏறி, மயிரில் ஏறி, நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவன் எழுந்துபோய் நிற்பான். உன் அம்மா ஒரு நாளும் மூக்கைப் பொத்தியதில்லை. ஆனால் ஒரு சட்டம் போட்டிருந்தாள். கொல்லைப் பக்கம் தொட்டியில் குளித்து, வேறு வேட்டி கட்டிய பிறகுதான் அடுப்படிப் பக்கம் வர வேண்டும். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தட்டு, தண்ணீர், வெஞ்சனம் எல்லாம் வரிசையாக இருக்கும். பசியோடு வருகிறவனுக்குத் தட்டுதான் தெரியும், போடுகிறவள் முகம் தெரியாது. சாப்பிட்டு எழுந்து டிவி முன்னால் போய்விடுவேன். அவள் எப்போது சாப்பிட்டாள், எதைச் சாப்பிட்டாள் என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஷாப்பில் என் வேலையே தரம் பிரிப்பது. தோலின் மேல் கையை ஒரு ஓட்டு ஓட்டினால் போதும், உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, எல்லாம் விரலுக்குத் தெரியும். என் கைக்குத் தப்பிய தோல் கிடையாது என்பார்கள். பெரிய கை!

அம்மா போன ஏழாம் மாதம் நீ வியட்நாமுக்கு வரச்சொல்லி டிக்கெட் அனுப்பினாய். "வருசம் முடியங்காட்டி மலை ஏறக்கூடாதுங்கிறாங்க மச்சான், நீங்க என்னன்னா மேகத்துக்கு மேல போறேங்கிறீங்க" என்று உன் சித்தி மல்லுக்கு நின்றாள். "பழனிதான் மலை. ஏரோப்பிளேனு மலையில்ல" என்று சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். ஆசைப்பட்டு வந்தேன் என்று நினைக்காதே. வரமாட்டேன் என்று சொல்லித் தகராறு பண்ணத் தெம்பில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிற லானை முதன்முதலாக என் முன்னால் நிறுத்தியபோது, உன் அம்மா இருந்திருந்தால் ஒரு மாதம் மூக்கைச் சிந்திவிட்டு, அப்புறம் அவள் கழுத்துச் செயினை எடுத்துக் கொடுத்திருப்பாள். எனக்கு அந்த மூக்குச் சிந்தலும் இல்லை, சந்தோஷமும் இல்லை. "வாம்மா" என்றேன். அந்தப் பிள்ளை நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே "அப்பா, சாப்டீங்களா?" என்று கேட்டது. அந்த மூன்று வாரத்தில் அது என்னிடம் தமிழில் பேசியது அந்த ஒன்றுதான். ஒரு நாள் தவறாமல் கேட்டது.

சைகோனுக்குப் பக்கத்தில் உன் செருப்புக் கம்பெனிக்கு எதிரில் ஒரு தெரு இருக்கிறதே, அதைத்தான் நான் வியட்நாம் என்று பார்த்தேன். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அங்கே இருப்பதால், எல்லா மூலைச் சாப்பாடும் அந்தத் தெருவுக்கு வந்துவிட்டது என்று சொன்னாய். வடக்கத்திக்காரர் கடை, நடுநாட்டுக்காரர் கடை, தெக்கத்திக்காரர் கடை. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாய். முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் என்னை உட்காரவைத்து வாத்தியார் மாதிரி பாடம் நடத்தினாய். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதல் நாள் குருணைச் சோறு. நம் ஊரில் கோழிக்கு இறைக்கிறதை அங்கே ஆவி பறக்க வடித்து, மேலே சுட்ட பன்றிக்கறியை வைத்து, இனிப்பாக ஒரு மீன் தண்ணீரை ஊற்றினார்கள். "தெக்க எல்லாத்துலயும் சீனி போடுவாங்கப்பா" என்றாய். அடுத்த நாள் ஆற்றங்கரைச் சீமைக்காரர் கடையில் மீன் போட்ட புளிச்சாறு. அதில் வெண்டைக்காய் மிதந்தது. அடடே, நம்ம புளிக்குழம்புதான் என்று பார்த்தால் கூடவே அன்னாசிப்பழமும் மிதந்தது. மூன்றாம் நாள் ஹனோய்க்காரர் கடை. அகலமான அரிசி நூடுல்ஸ், தெளிந்த சாறு. கிண்ணத்தைப் பக்கத்தில் கொண்டுவந்ததும் பட்டையும் அன்னாசிப்பூவும் மணத்தன, நம்மூர் பிரியாணி தம் போடுகிற நேரத்தில் கடைவாசலில் நிற்கிற மாதிரி. "இதுதாம்ப்பா எனக்கு உசிரு. ஃபோ. வடக்க காரமும் இருக்காது இனிப்பும் இருக்காது, சாறுதான் பேசும்" என்றாய். மாட்டெலும்புச் சாறு என்று தெரிந்தும் குடித்தேன். அத்தனை வருஷம் அதன் தோலோடு கிடந்தவன், இப்போது என்ன ஆசாரம். உன்னோடு வேலை பார்க்கிற சென்னைக்காரர் மீன் சாற்றின் வாடைக்கே கைக்குட்டையைத் தேடினார். எனக்கு அதுவும் உறைக்கவில்லை.

ஒவ்வொரு கடையிலும் நான் முதல் வாய் வைத்ததும் என் முகத்தையே பார்ப்பாய். "எப்பிடிப்பா இருக்கு?" "நல்லாருக்கு." எல்லாக் கடைக்கும் அதே பதில். உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது என்று கணக்காகத் தெரிந்தது. ருசி மட்டும் வரவில்லை. நீ பாவம், இந்தக் கடையில் வராவிட்டால் அடுத்த கடையில் அப்பாவுக்கு நாக்கு முழித்துக்கொள்ளும் என்று தெரு முழுக்க இழுத்துக்கொண்டு அலைந்தாய். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ருசி தெரியாதவனுக்குச் சாப்பிடும் நேரத்தில் வேறு வேலை இல்லை, அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். முக்கியமாக லானைப் பார்த்தேன். ஹனோய்க்காரர் கடைக்கு நாம் நாலு தடவை போனோம். நாலு தடவையும் அந்தப் பிள்ளை தன் கிண்ணத்தில் இருந்த வெங்காயத்தாளைக் குச்சியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உன் கிண்ணத்தில் போட்டது. நீ பேசிக்கொண்டே அதையும் சேர்த்துத் தின்றாய். பச்சை மிளகாயை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு, அப்படியும் பாதிக் கிண்ணத்தை மிச்சம் வைத்தது. நீ "ஏன் வச்சிட்ட?" என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

நீ காலையில் எட்டு மணிவரை தூங்குவாய். எனக்கு ஐந்து மணிக்கே முழிப்பு வந்துவிடும். சும்மா நடந்து போனவனை லானின் அம்மா தன் கடைக்குள்ளிருந்து கையாட்டிக் கூப்பிட்டார். ஊர் ஹுவே, அதாவது நடுநாட்டுக்காரர். புருஷன் செத்தபிறகு மகளின் வேலைக்குப் பின்னாலேயே வந்து இங்கே கடை போட்டவர். உன்னோடு ஒரு தடவை சாயங்காலம் அங்கே போய் மிளகாய் எண்ணெய் மிதக்கிற நூடுல்ஸ் சாப்பிட்டோமே, அந்தக் கடைதான். காலையில் அங்கே நடப்பதே வேறு. ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடுகிறார்கள் அப்பு. நேற்று வடித்து ஆறிய சோறு. அதன் மேல் விரல்நகம் அளவு சிப்பிக்கறி, வறுத்த கடலை, பொடியாக நறுக்கிய தழை, மிளகாய் விழுது. பக்கத்தில் சிப்பி வெந்த தண்ணீர் சூடாக ஒரு கிண்ணம். வேறு கதி இல்லாமல் தின்கிற சோறு இல்லை அது. வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார். மூடி வைத்திருந்த அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. உன் அம்மா அந்தப் பழைய சோற்றை வேண்டும் என்று வைத்திருந்தாளா, வேறு இல்லாமல் வைத்திருந்தாளா? அதுகூட எனக்குத் தெரியாது. லானும் வேலைக்குப் போகிற வழியில் தினமும் அந்தக் கடைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகும். என்ன சாப்பிடும் என்று இதில் எழுத மாட்டேன். எழுதினால் நீ பார்த்து எழுதிப் பாஸாகிவிடுவாய். சாப்பிடும்போது அந்தப் பிள்ளை வேறு ஆள் மாதிரி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காது. ஒரு நாள் போனில் எதையோ பேசி என் முன்னால் நீட்டியது. போன் அதைத் தமிழாக்கி, நியூஸ் வாசிக்கிற குரலில் சொன்னது: "இது எனக்கு மிகவும் விருப்பமானது. அவர் இதை அறியார். காலையில் அவர் உறங்குகிறார்." சொல்லிவிட்டுச் சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் லானின் அப்பாவுக்குத் திதி வந்தது. நம்மைப் போலவே அவர்களும் செத்தவர்களுக்கு வருஷா வருஷம் படைக்கிறார்கள், செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டோவுக்கு முன்னால் வைக்கிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. செத்தவர்களுக்குப் பசிக்கும் என்று எல்லா ஊரிலும்தான் நினைப்பார்கள். ஆனால் ரெண்டு நாள் முன்னால் அந்த அம்மா போனை என்னிடம் நீட்டியதை நீ பார்த்தாய் அல்லவா? "அன்றைய தினம் சம்பந்தி அம்மாவும் எங்கள் இல்லத்திற்கு உண்ண வரட்டும். தங்கள் மனைவி எதை விரும்பி உண்பார்?" இவ்வளவு சுத்தமான தமிழில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியவனிடம் ஒரு போன் கேட்கிறது. உன்னைப் பார்த்தேன். நீ சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தாய். நமக்கு ரெண்டு பேருக்குமே தெரியாது அப்பு. அந்த அம்மா காத்துக்கொண்டு நின்றார். "பிரியாணி" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா அதை நம்பிவிட்டார். நீ காட்டிய வீடியோவைப் பார்த்து, அவர்கள் ஊர் அரிசியில், பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டு, உப்புக்குப் பதில் மீன் சாற்றை விட்டு, வேர்த்து விறுவிறுத்து ஒரு பிரியாணி செய்தார். கடையை அன்று திறக்கவில்லை. புருஷன் போட்டோவுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு சின்னக் கிண்ணம். ஓரமாக உன் அம்மாவுக்கு ஒரு கிண்ணம். மற்ற இடத்தில் எல்லாம் குச்சி வைத்தவர் அதன் பக்கத்தில் மட்டும் ஒரு ஸ்பூன் வைத்தார். உங்கள் ஊர்க்காரர்களுக்குக் குச்சி பிடிக்க வராதே என்றாராம். ஊதுபத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பொட்டலம் பிரியாணி வாங்கி வருவேன். அவள் பொட்டலத்திலிருந்து கறியை எடுத்து உனக்குப் போடுவாள், சோற்றில் பாதியை எனக்குத் தள்ளுவாள், கத்தரிக்காய்ப் பச்சடியைத் தொட்டு நாலு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். "எனக்கு நெஞ்சு கரிக்கும்ங்க" என்பாள். எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாள்! செத்தவளைக் கடல் தாண்டிக் கூப்பிட்டு, நெஞ்சு கரிக்கிற சோற்றைப் போட்டேன். அந்தப் புண்ணியவதி ஸ்பூன் வேறு வைத்தார். அப்போதும் அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஏழு மாதத்தில் எனக்கு ஒழுங்காக வந்த முதல் உணர்ச்சி அந்த வெட்கம்தான்.

அன்று சாயங்காலம் நாம் ரெண்டு பேரும் நடந்து திரும்பினோம். உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏலே, லானுக்கு என்னலே பிடிக்கும்?" நீ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அவளுக்கு எல்லாமே பிடிக்கும்ப்பா. எங்க கூட்டிட்டுப் போனாலும் வருவா" என்றாய். எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. செருப்பில் கல் ஏறிவிட்டது என்று சொல்லிக் குனிந்துகொண்டேன். பதினாறாம் நாள் நான் சொன்ன அதே வார்த்தை, அதே வேகம். வடக்கு எது, தெற்கு எது, எந்தச் சீமையில் சீனி போடுவார்கள், எந்தச் சீமையில் மிளகாய் போடுவார்கள் என்று ஒரு நாட்டையே எனக்குச் சாப்பாட்டில் காட்டிக்கொடுத்தவன், எதிரே உட்கார்ந்து வெங்காயத்தாளைப் பொறுக்கிய பிள்ளையைப் பார்க்கவில்லை. அங்கேயே உன் காதைத் திருகியிருக்க வேண்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு திருகுவது? வாயை மூடிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

வருஷத் திதி நெருங்க நெருங்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. இன்னொரு தடவை என் இலையை அவள் போட்டோவுக்கு முன்னால் போடக்கூடாது. உன் சித்தியைக் கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடி கடலமுட்டாய்னா உசுர விடுவா. அப்பறம் எனக்கென்ன மச்சான் தெரியும்? உங்க வீட்டுக்கு வந்தவளப் பத்தி நீங்கதான சொல்லணும்?" என்றாள். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு பக்கத்து வீட்டு மும்தாஜிடம், வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கேட்டதும் சிரித்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. "அண்ணே, உங்களுக்குத் தெரியாதாண்ணே? வியாழக்கிழம சாயங்காலம் காய் வாங்கப் போவோம்ல, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பானிபூரி வண்டி நிக்கும். அக்காவும் நானும் ஒரு வாரம் விட்டதில்ல. அம்புட்டு இஷ்டம் அதுல" என்றது. "எங்கிட்ட ஒரு வார்த்தகூடச் சொன்னதில்லையேம்மா" என்றேன். "நானும் கேட்டேண்ணே, அண்ணன்கிட்ட சொல்லலயாக்கான்னு. 'அவரு கேக்கல, நான் சொல்லல. கேட்டாச் சொல்லமாட்டேனா, இதுல என்ன ஒளிவு மறைவு'ன்னாங்க" என்று சொல்லிவிட்டு, இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று என் முகத்தைப் பார்த்தது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அந்த வண்டிக்குப் போனேன். வண்டிக்காரர் பீகார் பக்கம், நம் ஊருக்கு வந்து பத்து வருஷம் இருக்கும், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. போனில் இருந்த அம்மா படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே, "நம்ம அக்கா! ரொம்ப நாளா காணோமே. வெளியூர் போய்ட்டாங்களா?" என்றார். சொன்னேன். கையில் இருந்த பூரியை அப்படியே கீழே வைத்துவிட்டார். "அக்காவுக்கு வெங்காயம் போடக்கூடாது. இனிப்புச் சட்னி வேண்டவே வேண்டாம். புதினாத் தண்ணி நல்ல காரமா வேணும். கடைசில வெறும் தண்ணி ரெண்டு கப்பு கேட்டு வாங்கிக் குடிப்பாங்க, குடிச்சிட்டு ஆன்னு வாய ஊதிக்கிட்டுச் சிரிப்பாங்க" என்றார். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் எனக்குத் தெரியாததை ரோட்டோரம் நிற்கிற ஒருத்தர் கேட்காமலே ஒப்பிக்கிறார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் போய்விட்டது. அவர் பார்த்தார், நான் பார்க்கவில்லை. அவரைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

நேற்று இலையில் நீ பார்த்தது அதுதான். வெங்காயம் இல்லை, இனிப்புச் சட்னி இல்லை. காரத் தண்ணீர் மட்டும் ரெண்டு டம்ளர். அதோடு உன் சித்தி சொன்னதற்காகக் கொஞ்சம் கடலைமிட்டாய். பிரியாணி வைக்கவில்லை. "திதிக்குப் போயி வண்டிக்கடைப் பண்டத்தையா வைப்பாங்க? சொந்தபந்தம் என்ன நினைக்கும்?" என்று முணுமுணுத்தார்கள். "பிடிச்சத வைக்கணும்னு சொன்னது நீங்கதான? அவளுக்குப் பிடிச்சது இதுதான். எனக்குப் பிடிச்சத போன தடவையே வச்சாச்சு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சாமி கும்பிட்டு முடிந்ததும் அந்த இலைக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். பூரியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் கையிலேயே உடைந்து முழங்கைவரை வழிந்தது. எப்படித் தின்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "ஒரே வாய்ல போடணும்ண்ணே" என்று மும்தாஜ் சொல்லிக்கொடுத்தது. போட்டேன். யப்பா, என்ன காரம்! காதுவரை ஏறியது. ஒரு வருஷத்தில் என் நாக்கில் விழுந்த முதல் ருசி. ரெண்டு டம்ளர் தண்ணீரையும் குடித்தேன், கண்ணிலும் மூக்கிலும் ஊற்றியது. "அழுதுட்டாரு, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள். அழவில்லை, காரம்தான். உன்னிடம் இனிமேல் பொய் சொல்லப்போவதில்லை.

இனி நீ செய்ய வேண்டியது. எட்டு மணிவரை தூங்காதே. அவள் சாப்பிடும்போது அவள் தட்டைப் பார். ஃபோ உனக்கு உயிர் என்றால் நீ குடி, ஆனால் அவளையும் அங்கேயே இழுத்துக்கொண்டு போகாதே. எங்கே கூட்டிப்போனாலும் வருகிறாள் என்றால், அவளுக்கு எங்கே போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். உன் அம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒரு வியாழக்கிழமை நானும் அந்த வண்டிக்கு முன்னால் நின்றிருப்பேன், அவள் வாயை ஊதிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருப்பேன். அதற்கு ஒரே ஒரு கேள்விதான் ஆகியிருக்கும். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. என் ஆயுசில் இதைவிடப் பெரிய தப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

அடுத்த மாதம் திருச்சியில் ஏறி சைகோனில் இறங்குவேன். அந்தப் பெரிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே கூட்டத்தோடு நீ நிற்பாய். என்னைப் பார்த்ததும் பெட்டியை வாங்க ஓடிவருவாய். கொடுக்க மாட்டேன். லானுக்கு என்ன பிடிக்கும் என்று முதலில் சொல். எனக்குப் பதில் தெரியும், ஏய்க்க முடியாது. சரியாகச் சொன்னால் பெட்டி உன் கையில். தெரியாது என்றால் உண்மையாகத் தெரியாது என்றே சொல், எல்லாமே பிடிக்கும் என்று மட்டும் சொல்லாதே. நான் அங்கேயே பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறேன். அவளுக்குப் போன் போட்டுக் கேள். அவள் எடுப்பாள்.

உன் அப்பா